சிலந்திக்கு யார் சொல்வது?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சவுத் ரிவர் என்று ஒரு சின்ன ஆறு இருக்கிறது. "தெற்கு ஆறு" என்றுதான் அர்த்தம், பெயர் வைத்தவர் ரொம்ப மெனக்கெடவில்லை! வேன்ஸ்பரோ என்ற ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடி, அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி போர்ட் ரிபப்ளிக் என்ற இடத்தில் இன்னொரு ஆற்றோடு சேர்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்கும். தூண்டில்காரர்கள் முழங்கால் ஆழத்தில் நின்று மீன் பிடிப்பார்கள். மீனும் நன்றாகவே மாட்டும். ஆனால் அதைக் குழம்பு வைக்க முடியாது. இந்த ஆற்று மீனைத் தின்னாதீர்கள் என்று மாநில அரசு முதலில் எச்சரித்தது 1977ல். அந்த எச்சரிக்கை இன்னும் விலகவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து ஆற்றில் விடும் டிரவுட் மீனை மட்டும் தின்னலாம். ஏனென்றால் அது அந்த ஆற்றில் அதிக நாள் வாழவில்லை. அதாவது அந்த ஆற்றில் வாழாத மீன்தான் அந்த ஆற்றில் நல்ல மீன். என்ன கொடுமை இது...

காரணம் பாதரசம். வேன்ஸ்பரோவில் டூபாண்ட் நிறுவனத்தின் செயற்கை இழைத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே 1929 முதல் 1950 வரை பாதரச உப்பை வினையூக்கியாகப் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு பகுதி ஆற்றுக்குள் போனது. 1950க்குப் பிறகு அந்தப் பயன்பாடே நின்றுவிட்டது. தொழிற்சாலை வளாகத்து மண்ணில் பாதரசம் இருப்பது தெரியவந்ததோ 1976ல்தான். இடையில் கால் நூற்றாண்டு மக்கள் நிம்மதியாக மீன் தின்றிருக்கிறார்கள். (மினமாட்டா நோய் 1956லேயே கண்டறியப்பட்டுவிட்டது. அங்கேயும் பாதரச வினையூக்கிதான்.)

அப்போது பலர் நினைத்தது இதுதான்: ஊற்றுக்கண் அடைபட்டாயிற்று, வண்டல் மேல் புது வண்டல் படியும், ஆறு தன்னைத்தானே கழுவிக்கொள்ளும், கொஞ்சம் பொறுத்தால் போதும். 1984ல் அரசுக்கும் நிறுவனத்துக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. அதன்படி அந்த ஆற்றை 100 ஆண்டு கண்காணிப்பதற்கு நிதி ஒதுக்கினார்கள். 100 ஆண்டு! தாத்தா ஆரம்பித்த பரிசோதனையைப் பேரன் முடிக்க வேண்டும். கண்காணித்தார்கள், பொறுத்தும் பார்த்தார்கள். மீனில் பாதரசம் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்பதற்கு முன், பாதரசம் மீனுக்குள் எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம். பள்ளி ஆய்வகத்தில் தரையில் உருண்டோடுமே, அந்த வெள்ளிக் குண்டு நேரடியாக மீனுக்குள் போவதில்லை. ஆற்றின் அடியில், காற்று எட்டாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை பாதரசத்தோடு ஒரு கார்பன் துணுக்கை ஒட்டி மெத்தில் பாதரசம் ஆக்கிவிடுகின்றன. (அந்த வேலையைச் செய்யும் இரண்டு மரபணுக்களைக் கண்டுபிடித்ததே 2013ல்தான்.) மெத்தில் பாதரசம் உயிரின் உடம்புக்குள் சுலபமாகப் போகும், ஆனால் சுலபமாக வெளியே வராது. மனித உடம்பில் இருப்பதில் பாதி வெளியேறவே சுமார் 50 முதல் 70 நாள் ஆகும். மீனுக்கு இன்னும் அதிகம்.

தண்ணீரில் இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு அடர்த்தியாகப் பாசியில் சேர்கிறது. பாசியைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் சிறு மீன், சிறு மீனைத் தின்னும் பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் சில மடங்கு ஏறிக்கொண்டே போகிறது. கடைசிப் படியில் இலை போட்டு உட்கார்ந்திருப்பது மனிதன். இது கொழுப்பில் சேரும் நஞ்சு அல்ல, தசையில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். எனவே தோலையும் கொழுப்பையும் வெட்டி எறிவதால் பயனில்லை. மொறுமொறு என்று வறுத்தாலும், புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் போகாது.

இதனால்தான் தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு "எல்லாம் சரி" என்று சான்றிதழ் கொடுப்பது ஏமாற்று வேலை. அமெரிக்காவில் குடிநீரில் ஒரு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் பாதரசம் வரை அனுமதி. சவுத் ரிவர் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வெகு கீழேயே இருக்கிறது. மீன் தசைக்கோ ஒரு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் மெத்தில் பாதரசம் என்பது அளவு. அந்த ஆற்று மீன் அதைத் தாண்டிவிடுகிறது. தண்ணீர் பாஸ், மீன் ஃபெயில். (இத்தனைக்கும் ஃபெயில் ஆன மீனின் பெயர் பாஸ்!)

மீனைச் சோதிப்பதும் வலையை வீசி, கிடைத்ததை அரைத்து, எண்ணை எழுதும் வேலை இல்லை. வயதான பெரிய மீனில் இயல்பாகவே பாதரசம் அதிகம். இந்த வருடம் சின்ன மீன்களாகவும் போன வருடம் பெரிய மீன்களாகவும் பிடித்திருந்தால், ஆறு குணமாகிவிட்டது போல ஒரு பொய் வரைபடம் கிடைக்கும். அதனால் ஒரே நீளமுள்ள மீன்களைத்தான் ஒப்பிட வேண்டும். அந்த வருடம் பொரித்த குஞ்சுகளைத் தனியாக எடுத்தால் அந்தக் கோடையின் கணக்கு மட்டும் தெரியும். மேலே பாதரசம் கலக்காத பகுதியிலும் அதே இன மீனைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்த உயிர் எத்தனையாவது படியில் நிற்கிறது என்பதற்கு நைட்ரஜனின் கனமான வடிவத்தை அளக்கிறார்கள். ஒரு படி ஏறும்போது அது சுமார் ஆயிரத்துக்கு 3, 4 பங்கு கூடும். யார் யாரைத் தின்றார் என்பதற்கு உடம்பே சாட்சி சொல்லும்.

இவ்வளவு நுணுக்கமாகச் செய்தும், பல ஆண்டுகள் எல்லாக் கண்களும் தண்ணீருக்குள்ளேயே இருந்தன. ஆற்று மாசு என்றால் மீன், மீன் தின்னும் பறவை, மீன் தின்னும் மனிதன், அவ்வளவுதான் என்ற நினைப்பு. அந்த நினைப்பை உடைத்தது மீன் அல்ல, சிலந்தி.

கிறிஸ்டல் என்ற பறவை ஆய்வாளரும் அவருடைய மாணவர்களும் சவுத் ரிவர் கரையில் பறவைகளைப் பிடித்து, துளி ரத்தமும் ஓர் இறகும் எடுத்துக்கொண்டு திரும்பப் பறக்க விட்டார்கள். மீன்கொத்தியின் ரத்தத்தில் பாதரசம் இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஆற்றையே தொடாத, கரைப் புதரில் பூச்சி பொறுக்கும் சின்னக் குருவிகளிலும் இருந்தது. சில இனங்களில் மீன்கொத்திக்கு ஈடாகவோ அதைவிட அதிகமாகவோ இருந்தது. மீனையே பார்க்காத குருவிக்கு மீன் நஞ்சு எப்படி வந்தது?

குஞ்சுகளுக்குத் தாய்ப்பறவை கொண்டுவந்து ஊட்டிய இரையைப் பார்த்தபோது விடை கிடைத்தது. கம்பளிப்புழு, வெட்டுக்கிளி, சிலந்தி. இதில் சிலந்தி எடையில் சிறு பங்குதான், பாதரசத்தில் பெரும் பங்கு அதனுடையது. பார்க்கப் போனால் இதில் அதிசயமே இல்லை. வெட்டுக்கிளி புல் தின்னும், சிலந்தி பூச்சி தின்னும். அந்தப் பூச்சியும் இன்னொரு பூச்சியைத் தின்றிருக்கலாம். சிலந்தி என்பது கரையில் வாழும் சுறா! நீரில் முட்டையிட்டு வளர்ந்து சிறகு முளைத்துப் பறந்து வரும் பூச்சிகள் ஒரு வழி, வெள்ளம் கரைமேல் விட்டுப்போன மண் இன்னொரு வழி. இரண்டு வழியிலும் பாதரசம் ஆற்றைவிட்டு மேலேறி வந்திருக்கிறது. 2008ல் இது 'சயின்ஸ்' இதழில் வெளியானது.

அத்தோடு முடியவில்லை. அந்தக் கரையில் கரோலினா ரென் என்ற சிறு பறவையின் கூடுகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ரத்தத்தில் பாதரசம் ஏற ஏற, குஞ்சு வளர்ந்து பறந்துபோகும் கூடுகள் குறைந்தன. 2010ல் வந்த இன்னொரு ஆய்வு, பாதரசக் கரையில் வாழும் ரென்களின் பாட்டைப் பதிவுசெய்து மற்ற இடத்து ரென்களின் பாட்டோடு ஒப்பிட்டது. பாதரசக் கரையில் பாட்டு குட்டையாக இருந்தது. ஸ்வரங்களின் வகை குறைந்திருந்தது. சுருதியும் இறங்கியிருந்தது. மெத்தில் பாதரசம் மூளையைப் பிடிக்கும் நஞ்சு என்பது மினமாட்டாவிலேயே தெரிந்ததுதான். 1950ல் நிறுத்திய ஒரு வேலை, 60 ஆண்டு கழித்து, அப்போது பிறந்தேயிராத ஒரு பறவையின் தொண்டையில் கேட்கிறது என்றால் எப்படி இருக்கிறது?

இப்போது அந்த எச்சரிக்கையை மறுபடி படித்துப் பாருங்கள். "மீனைத் தின்னாதீர்கள்." நஞ்சைக் கலந்தது ஒருவர், நாக்கைக் கட்ட வேண்டியது இன்னொருவர். மனிதனுக்காவது பலகையைப் படிக்கத் தெரியும், ஊருக்குப் போய் வேறு மீன் வாங்கவும் முடியும். சிலந்திக்கு யார் சொல்வது? மீனை மட்டும் ஆய்வு செய்தால் கிடைக்கும் தீர்வு எச்சரிக்கைப் பலகைதான். உணவு வலை முழுவதையும் ஆய்வு செய்தால் பலகை போதாது, மண்ணில் கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எதை அளக்கிறோம் என்பதிலேயே யார் செலவு செய்ய வேண்டும் என்பதும் ஒளிந்திருக்கிறது.

மண்ணில் என்றால் எங்கே? இங்கேதான் மீன் ஏன் குணமாகவில்லை என்ற கேள்விக்கும் பதில். பழைய பாதரசம் ஆற்றின் கரைகளிலேயே புதைந்திருக்கிறது. ஒவ்வொரு வெள்ளமும் கரையை அரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றில் கலக்கிறது. தொழிற்சாலைக் குழாயை அடைத்துவிட்டார்கள், சரி. கரையே குழாயாக மாறிவிட்டதே! கரையை உறுதிப்படுத்தும் வேலைகள் தொடங்கியது ரொம்பப் பிந்தித்தான்.

வரத்தை நிறுத்தினால் மீன் தேறும் என்பதற்குச் சான்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் 658 என்ற எண் கொண்ட ஏரியில் விஞ்ஞானிகள் 2001 முதல் 2007 வரை, அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய தனி வகைப் பாதரசத்தை மிகச் சிறிய அளவில் வேண்டுமென்றே சேர்த்தார்கள். பிறகு நிறுத்திவிட்டு 8 ஆண்டு பார்த்தார்கள். பைக் என்ற பெரிய மீன்களில் அந்தப் பாதரசம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. 2021ல் வெளியான முடிவு இது. ஆக, இயற்கை குணமாகும் என்பது பொய்யில்லை. வரத்து நிற்காமல் குணமாகும் என்பதுதான் பொய்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மைல் கணக்கில் கரையைத் தோண்டினால் மரங்கள் போகும், நிழல் போகும், கலங்கும் மண்ணே இன்னும் பாதரசத்தைப் பரப்பும். அதனால் எங்கே அரிப்பு அதிகமோ அங்கே முதலில் என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஆனால் "தோண்டினால் கெடும்" என்பதை "ஒன்றும் செய்யாமலிருப்பதே நல்லது" என்று மொழிபெயர்ப்பவர்களை நம்பக் கூடாது.

2016 டிசம்பரில் டூபாண்ட் சுமார் 5 கோடி டாலர் மதிப்புள்ள இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. கரையோர நிலத்தையும் பறவைகளின் வாழிடத்தையும் மீட்பது அதில் சேர்ந்திருந்தது. சிலந்தி ஆய்வு இல்லாவிட்டால் குருவிகள் அந்தப் பேச்சுக்குள்ளேயே வந்திருக்காது. அதே ஒப்பந்தத்தில் ஒரு மீன் பண்ணையைப் புதுப்பிப்பதும் உண்டு. வாழும் மீனைத் தின்ன முடியாத ஊருக்கு, வளர்க்கும் மீன்!

இவ்வளவும் ஏழு கடல் தாண்டிய கதை என்று நினைப்பவர்கள் கொடைக்கானலை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து இடம் மாறி வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை அங்கே 1980களில் இயங்கத் தொடங்கியது. 2001 மார்ச்சில் முஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டைகள் வெளியே தெரிந்தன. அதோடு தொழிற்சாலை மூடப்பட்டது. 2006ல் வெளியான ஹைதராபாத் விஞ்ஞானிகளின் ஆய்வு கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் காட்டியது. 2016ல் 591 தொழிலாளர்களோடு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. மண்ணைச் சுத்தம் செய்ய ஏற்கப்பட்ட அளவு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அதற்கு மேல் இறங்கினால் மரங்கள் போகும், மண் அரிக்கும் என்ற வாதம் அங்கேயும் வந்தது.

குடியிருப்பு நிலம் என்று வைத்துக்கொண்டு, மனிதனை மனதில் வைத்துப் போட்ட அளவு அது. ஆனால் தொழிற்சாலைக்குக் கீழே இருப்பது வீட்டு மனை அல்ல, பாம்பாறு சோலை. அங்கே மழை பெய்தால் மண் கீழே இறங்கும், பாம்பாறு கும்பக்கரை அருவிப் பக்கம் போகும். அந்த 20 சரியா தவறா என்பதை மண்ணை மட்டும் அளந்து தீர்மானிக்க முடியாது என்பதைத்தான் சவுத் ரிவர் சொல்கிறது. ஓடையோரச் சிலந்திகள், தட்டான்கள், உதிர்ந்து கிடக்கும் இறகுகள், கீழ்க்குளங்களில் ஒரே நீளத்தில் பிடித்த மீன்கள், தொழிற்சாலைக்கு மேல்புறமிருந்தும் இதே வரிசையில் ஒரு செட். இவற்றைச் சேகரிப்பது மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை. அனுமதி கொடுக்க வேண்டியது வனத்துறை, செலவை ஏற்க வேண்டியது மாசு செய்தவர்.