வெண்மையின் விலை: பல்வெளுப்பும் லேசர் மாயையும்

கண்டியிலிருந்து குருநாகலை நோக்கிச் செல்லும் ஏ10 வீதியில், கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் அமைந்தது கலகெதர. வெற்றிலைச் செய்கைக்குப் பெயர்பெற்ற குருநாகல் மாவட்டத்தின் வாயில் அது. வெற்றிலை மெல்லும் வழக்கம் இங்கு மூவினத்தாருக்கும் பொதுவானது. கறைபடிந்த பற்களோடு சிரிக்கப் பாட்டன்மார் கூசியதில்லை, பேரப்பிள்ளைகள் கூசுகின்றனர். இக்கூச்சமே இன்று லேசர்க் கதிரின் பெயரால் விலைபேசப்படுகின்றது.

1960இல் தியடோர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். பின்னர் பல்வைத்தியத்தில் அது தனக்குரிய இடத்தைப் பெற்றது. முரசு முதலான மென்னிழையங்களில் செய்யப்படும் சத்திரசிகிச்சையில் அதன் பயனை எவரும் மறுக்கார். ஆயின் பல்வெளுப்பில் நிகழ்வது யாது? பல்லை வெளுப்பது கதிரன்று. பல்லின்மேற் பூசப்படும் ஐதரசன் பேரொட்சைட்டே. அது மிளிரி எனப்படும் மேற்படையை ஊடுருவி, நிறமூட்டும் சேர்வைகளைச் சிதைக்கின்றது. கதிர் அம்மருந்தை வெப்பமூட்டி விரைவுபடுத்தும் என்பர். எனினும் கதிரோடும் கதிரின்றியும் செய்த வெளுப்பை ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், இறுதி நிறத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிகிச்சை முடிந்த கணத்தில் கண்ணாடியிற் தெரியும் பளபளப்பின் ஒரு பங்கு, பல் ஈரமிழந்ததன் விளைவு. சில நாளில் அது மங்கிவிடும். வெப்பமோ விளையாட்டன்று. பன்மச்சையின் வெப்பநிலை ஏறத்தாழ 5.5 பாகை செல்சியஸ் உயர்ந்தாலே அது மீளாச் சேதமுறக்கூடும் என்பதை 1965இலேயே சாக், கோகன் ஆகியோர் குரங்குகளிற் செய்த ஆய்வு சுட்டியது.

இன்னொன்று: வெற்றிலை, தேநீர், புகையிலை ஆகியவற்றின் கறை பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பிலேயே படிவது. சுரண்டித் துப்புரவாக்கி மெருகூட்டுவதே அதற்குப் போதுமானது. அதற்கு லேசர் எதற்கு? வீட்டுச் சுவரிற் படிந்த கரியைத் துடைக்கப் பீரங்கி கொண்டுவருவாருண்டோ?

இதனினும் பெரிய முரண்பாடு வேறுண்டு. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயாகும். புகையிலை சேராத வெற்றிலைக் கூறும், பாக்கும்கூடப் புற்றுநோயை விளைவிப்பன எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூல் வகைப்படுத்தியது. அந்நோய்க்கு முன்னறிகுறியாகக் கன்னத்தின் உட்புறத்தே தோன்றக்கூடியதும் ஒரு வெண்மையே: வழித்தாற் போகாத வெண்படலம். விற்பனைக்குரிய வெண்மை பல்லில். எச்சரிக்கும் வெண்மை கன்னத்தில். முன்னதைத் தேடி வருவோனின் வாயைத் திறந்து பின்னதைத் தேடாத எவரும் வைத்தியர் எனும் பெயருக்கு உரியரல்லர். அழகு நிலையங்களில் நீலவிளக்கொன்றை ஏந்தி இத்தொழில் புரிவோரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

தன் பல், தன் பணம், இதிற் பிறர்க்கு என்ன வழக்கு என வினவுவோர் உளர். திருமணத்தை எதிர்நோக்கும் ஒரு பெண்ணுக்கோ, நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞனுக்கோ தன் சிரிப்பிற் கரிசனை எழுவது குற்றமன்று. தகுதிபெற்ற வைத்தியரிடம், உண்மையை அறிந்து, அவர்கள் பல்லை வெளுத்துக்கொள்ளட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் விதித்த நெறியும் அதுவே: நூற்றுக்கு 0.1 வீதத்துக்கு மேல் 6 வீதம் வரை பேரொட்சைட்டு அடங்கிய வெளுப்புப் பொருள்கள் பல்வைத்தியர்க்கே விற்கப்படலாம். முதற் பிரயோகம் அவர் மேற்பார்வையிலேயே நிகழவேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர்க்கு ஆகாது. வழக்கு அழகின்மீதன்று. மருந்தின் வேலையைக் கதிரின் வேலையாகக் காட்டி, அக்கதிருக்கெனத் தனிக் கூலி வாங்குவதன்மீதே வழக்கு.

1943இல் கொழும்பில் தொடங்கிய பல்வைத்தியக் கல்வி பின்னர் பேராதனைக்கு வந்தது. ஜப்பானின் உதவியோடு எழுந்த போதனா வைத்தியசாலையும் இங்கேயே உண்டு. கலகெதரயிலிருந்து பேருந்தேறிக் கண்டிக்கு வந்து, அங்கிருந்து இன்னொன்றில் ஏறினால் அதன் வாயில். வெற்றிலை மெல்லும் முதியவரின் கன்னத்தை அங்கு பார்ப்பதற்கு வேண்டுவது ஒரு சிறு கண்ணாடியும், நல்ல வெளிச்சமும், சில நிமிடங்களுமே.