பின்வாசலில் நுழையும் ஓய்வூதியச் சட்டங்கள்

பென்ஷன் என்றால் என்ன என்பது புதுச்சேரிக்குத் தெரியும். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி சாதி வழக்கத்தைச் சார்ந்த சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் படைக்கும் இந்தோசீன அலுவலகங்களுக்கும் வேலைக்குப் போனார்கள். ஊர் திரும்பிய அந்தச் 'சொல்தா'க்களுக்கு, யாரிடமும் கைகட்டி நிற்காத முதுமையை மாதாமாதம் வந்த பிரெஞ்சுப் பென்ஷன் கொடுத்தது.

அதே பிரான்சில் 2023இல் ஓய்வு பெறும் வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தினார்கள். அந்த மாற்றத்தைச் சமூகப் பாதுகாப்பு நிதி மசோதாவுக்குள் வைத்து விவாத நாட்களைச் சுருக்கினார்கள். மார்ச் 16 அன்று அரசமைப்பின் 49.3 பிரிவைப் பயன்படுத்தி, கீழவையில் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேற்றினார்கள். லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினர். நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்பது வாக்குகளில் தோற்றது.

இரண்டே ஆண்டில் டெல்லியிலும் ஓய்வூதியம் நிதி மசோதாவுக்குள் போனது. 2025 மார்ச் 25 அன்று மக்களவை நிறைவேற்றிய நிதி மசோதாவில் ஓய்வூதியம் பற்றிய ஒரு பகுதியும் இருந்தது. ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஓய்வூதியர்களை வகை பிரிக்கும் அதிகாரத்தை அது ஒன்றிய அரசுக்குத் தருகிறது. அதுவும் 1972 முதல் முன்தேதியிட்டு. ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையல்ல, ஓய்வு தேதியை வைத்து மட்டும் பாகுபடுத்தக் கூடாது என்று 1982இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். அப்படிப்பட்ட தீர்ப்பைத் தொடும் பகுதி எந்த நிலைக்குழுவுக்கும் போகவில்லை. இப்போதைய ஓய்வூதியர்களுக்குப் பாதிப்பில்லை என்றார் நிதியமைச்சர். பாதிப்பில்லை என்றால் குழுவின் முன் வைத்துப் பேச என்ன தயக்கம்?

புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கும் ஒன்றிய அரசின் ஓய்வூதிய விதிகள்தான். ஆனால் மக்களவையில் நமக்கு ஒரே இடம், மாநிலங்களவையிலும் ஒரே இடம். பண மசோதாவை மாநிலங்களவை தடுக்கவும் முடியாது. பரிந்துரை சொல்லி 14 நாளில் திருப்பி அனுப்ப மட்டுமே முடியும்.

இது புதிய பழக்கமல்ல. தேசிய ஓய்வூதியத் திட்டம் 2003 டிசம்பரில் ஓர் அறிவிக்கையாக வந்தது; அதற்கான சட்டம் 2013இல்தான் நிறைவேறியது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமும் அறிவிக்கைதான்.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்கலாம். மண்டல் இட ஒதுக்கீடு ஒன்றிய அரசுப் பணிகளில் 1993இல் நடைமுறைக்கு வந்தது. பத்தே ஆண்டில், 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றானது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் வாசலுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் கூரையைப் பிரித்துவிட்டார்கள்.

புதிய திட்டத்தில் 50 விழுக்காடு முழு ஓய்வூதியம் பெற 25 ஆண்டுப் பணி வேண்டும். பழைய முறையில் 2006க்குப் பின் வயது முதிர்வில் ஓய்வு பெற்றவர்களுக்குப் பத்தாண்டே போதுமானதாக இருந்தது. பட்டியல் சாதியினருக்கு ஐந்தாண்டு வயதுத் தளர்வு இருப்பதே, அவர்கள் தாமதமாகத்தான் வந்து சேர முடிகிறது என்பதால். 37 வயதில் சேர்ந்து 60இல் ஓய்வு பெறுபவருக்கு 23 ஆண்டுதான் ஆகியிருக்கும். அவருக்குக் கிடைப்பது 46 விழுக்காடு. ஒரு கையால் தந்த தளர்வை மறு கையால் பிடித்துக்கொள்கிறார்கள். நிலைக்குழு ஒன்று கூடியிருந்தால், யாராவது ஒருவர் இந்தக் கணக்கைக் கேட்டிருப்பார்.

அரசு ஊழியர்களுக்கு மட்டும் எதற்குக் கவலை என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதே தொகைதான். உயர்த்தச் சொல்லி ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை பரிந்துரைத்தும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் சாக்கடை அள்ளும் தொழிலாளிக்கும் களை பறிக்கும் பாட்டிக்கும் அந்த 200 ரூபாய்தான் 'சீர்திருத்தம்'. ஊழியரையும் இவர்களையும் மோதவிடுவது ஆள்பவர்களுக்கு வசதி, நமக்கல்ல.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. ஓய்வூதியத்தைத் தொடும் எந்த மாற்றமும் தனி மசோதாவாக வரட்டும். அது நிலைக்குழுவுக்குப் போகட்டும். ஒவ்வொரு சமூகப் பிரிவையும் அது எப்படிப் பாதிக்கும் என்ற கணக்கை அரசு அவையில் வைக்கட்டும். நிலைக்குழுவின் பரிந்துரையை நிராகரித்தால் காரணத்தை அவையிலேயே சொல்லட்டும். தோழர்களே, பென்ஷனுக்கு நமக்கு இன்னும் முப்பது ஆண்டு இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நம் முதுமையின் விலையை இன்றைய அவைதான் முடிவு செய்கிறது.