சோறு போட்டதால் யாரும் தெருவுக்கு வரவில்லை

பிரிட்டனில் குளிர் தொடங்கும்போதெல்லாம் ஒரு வாதமும் கூடவே கிளம்பிவிடும். தெருவில் படுத்திருப்பவர்களுக்குச் சூப்பும் கம்பளியும் கொடுக்கிறவர்கள்தான் அவர்களைத் தெருவிலேயே தங்க வைக்கிறார்கள் என்பது அந்த வாதம். சொல்பவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. 1999இல் இதை உரக்கச் சொன்னவர் லூயிஸ் கேசி. தெருவோரம் உறங்குவோர் எண்ணிக்கையைக் குறைக்க டோனி பிளேர் அரசு அமைத்த பிரிவுக்கு அவர் தலைவர். அதற்கு முன் ஷெல்டர் என்ற வீட்டுரிமை அமைப்பில் துணை இயக்குநராக இருந்தவர். 2011இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பு ஒரு படி மேலே போனது. வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்தைச் சுற்றியுள்ள பகுதியில் இலவசமாக உணவு கொடுப்பதையே தடை செய்யும் விதியை முன்மொழிந்தது. எதிர்ப்பு வலுத்ததும் கைவிட்டது. 2023 நவம்பரில் உள்துறை அமைச்சராக இருந்த சுவெல்லா பிரேவர்மன், தெருவில் கூடாரம் போட்டு வாழ்வதைப் பலர் தாங்களே தேர்ந்துகொள்கிறார்கள் என்று எழுதினார். கூடாரம் கொடுத்து உதவும் தொண்டு நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் யோசனையும் அப்போது பேசப்பட்டது.

உட்கார வைத்துச் சோறு போட்டால் உழைக்க வருவானா என்ற கேள்வியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் குரல் புதிதல்ல. நியாயமாகத் தோன்றுவதுதான் அதன் பலம். அதனாலேயே அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

யாரைப் பற்றிய குற்றச்சாட்டு இது என்று முதலில் பார்த்துவிடலாம். லண்டனில் கிளாஸ் டோர் என்ற அமைப்பு இருக்கிறது. 1999இல் மேற்கு லண்டனின் சில தேவாலயங்கள் சேர்ந்து தொடங்கியது. இங்கிலாந்தின் பல ஊர்களில் இதே முறையில் குளிர்காலத் தங்குமிடங்கள் நடக்கின்றன. ஏழு தேவாலயங்கள் கைகோத்தால் ஒரு சுற்று அமைந்துவிடும்: திங்களன்று ஒரு தேவாலயக் கூடம், செவ்வாயன்று அடுத்தது, ஞாயிறு வரை இப்படியே. பகலில் அதே கூடத்தில் மழலையர் பள்ளியும் உடற்பயிற்சி வகுப்பும் நடக்கும் என்பதால் எந்தக் கூடத்தையும் வாரம் முழுக்க எடுத்துக்கொள்ள முடியாது. மாலையில் தன்னார்வலர்கள் நாற்காலிகளை ஓரம் தள்ளி மெத்தைகளை விரிப்பார்கள். சமைத்தவரும் வந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். காலையில் மெத்தையைச் சுருட்டி, போர்வைகளைச் சலவைக்குக் கட்டி, தரையைத் துடைத்துக் கூடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி குளிருக்குள் இறங்குவார்கள். அந்தப் பைகளில் துணிமணியோடு தவறாமல் ஒரு பிளாஸ்டிக் உறையும் இருக்கும். வீட்டைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ், மருத்துவமனைச் சீட்டு, உள்துறை அமைச்சகம் அனுப்பிய கடிதம் என்று எல்லாம் அதற்குள்ளே. மழையில் உடம்பு நனைந்தாலும் அது நனையாது.

இப்போது வாதத்துக்கு வருவோம். உணவும் படுக்கையும் கிடைப்பதால்தான் ஆட்கள் தெருவிலேயே நிற்கிறார்கள் என்றால், தெருவில் படுப்போர் எண்ணிக்கை அன்னதானம் கூடும்போது கூடவும், குறையும்போது குறையவும் வேண்டும். கணக்கு அப்படி இல்லை. இங்கிலாந்தில் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் ஓர் இரவு எடுக்கும் கணக்கில் 2010இல் 1,768 பேர் இருந்தார்கள். 2017இல் 4,751 பேர். இந்த ஏழு ஆண்டுகளில் பிரிட்டிஷ் மக்களின் இரக்கம் இரண்டரை மடங்கு பெருகிவிடவில்லை. மாறியவை வேறு. ஆதரவுடன் கூடிய தங்கும் விடுதிகளுக்கென்று தனியாக ஒதுக்கி வைத்த நிதிக்கு இருந்த காப்பு 2009இல் நீக்கப்பட்டது. அதன்பின் கவுன்சில்களின் வரவு செலவு ஆண்டுக்கு ஆண்டு வெட்டப்பட்டது. வாடகை ஏற ஏற, வாடகைக்கான அரசு உதவித்தொகை பின்தங்கிக்கொண்டே போனது. அதற்குப் பிறகும் இதே கதைதான்: 2020 ஏப்ரலில் உறைந்த அந்தத் தொகை 2024 ஏப்ரல் வரை ஒரு பவுண்டுகூட உயரவில்லை. லண்டனில் வாடகை எப்படி ஏறியது என்பதை அங்கே குடியிருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

லண்டன் தெருக்களில் களப்பணியாளர்கள் சந்திக்கும் ஆட்களை ஆண்டு முழுக்கப் பதிவு செய்யும் ஒரு தரவுத்தளம் உண்டு. 2024-25இல் அதில் பதிவானவர்கள் 13,231 பேர். பாதிக்கும் மேற்பட்டவர்கள் முதல் தடவையாகத் தெருவுக்கு வந்தவர்கள். சூப் கொடுத்துத்தான் தெருவில் தங்க வைக்கிறார்கள் என்ற விளக்கம் இவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? நேற்றுவரை வீட்டில் இருந்தவர் சூப்பை நம்பி வீட்டைப் பூட்டிவிட்டு வரவில்லை. வீட்டுக்காரர் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொன்னார், தம்பதி பிரிந்தார்கள், சிறையோ மருத்துவமனையோ வெளியே அனுப்பியது. அகதி அந்தஸ்து கிடைத்ததும் அரசு விடுதியை விட்டு வெளியேற நீண்ட காலமாக 28 நாள்தான் தவணை; தஞ்சம் கேட்டுப்போன ஈழத் தமிழர்களுக்கும் அந்த 28 நாளின் நெருக்கடி தெரியும். அனுமதிச் சீட்டு கைக்கு வந்த மகிழ்ச்சியோடு, வேலையும் முன்பணமும் இல்லாமல் நான்கு வாரத்தில் லண்டனில் அறை தேட வேண்டும்.

அடுத்தது, தாங்களாகத் தேர்ந்துகொண்ட வாழ்க்கை என்பது. இதற்கு வரலாறே ஒரு சோதனை நடத்திக் காட்டிவிட்டது. 2020 மார்ச் இறுதியில் கொரோனா பரவியபோது, தெருவில் இருக்கும் அனைவரையும் உள்ளே கொண்டுவருமாறு அரசு கவுன்சில்களுக்கு உத்தரவிட்டது. காலியாகக் கிடந்த ஹோட்டல் அறைகள் திறந்தன. தெருவே போதும் என்பவர்கள் என்று பேசப்பட்டவர்களில் பெரும்பாலோர் உள்ளே போனார்கள். 2021 ஜனவரிக்குள் இந்த முயற்சியால் தங்க இடம் பெற்றவர்கள் 37,000 பேருக்கு மேல். இலையுதிர்கால இரவுக் கணக்கும் 2021இல் 2,443க்கு இறங்கியது. தொடக்க மாதங்களில் அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? 1999இல் சூப் வண்டிகளைக் குறை சொன்ன அதே லூயிஸ் கேசி. அவரை மடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. பிளேர் காலத்தில் தெருவில் படுப்போரை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும் இலக்கை 2001இலேயே எட்டிக் காட்டியவரும் அவர்தான். இரண்டு தடவையும் எண்ணிக்கை இறங்கியது சூப்பை நிறுத்தியதால் அல்ல, கட்டிலும் அறையும் கொடுத்ததால்தான். ஹோட்டல்களில் தங்கவைப்பது நின்றது, எண்ணிக்கை திரும்ப ஏறி 2024இல் 4,667ஐத் தொட்டது.

விடுதிக்கு வர மறுப்பவர்கள் இருக்கிறார்கள், உண்மை. ஆண்கள் நிறைந்த விடுதியில் அடிபட்ட பெண் இரவெல்லாம் பேருந்திலேயே சுற்றிவிட்டு விடியலில் இறங்குவார். நாயோடு வாழ்பவர் நாயை விட்டுவிட்டு வரமாட்டார். இப்படிப்பட்ட மறுப்பைத் தெருவின்மேல் உள்ள ஆசை என்று எழுதுவது மனசாட்சியுள்ள எழுத்து அல்ல. 2021இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடில்லாமல் இறந்தவர்களின் சராசரி வயது ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 43. அப்படி ஒரு சாவை யாரும் விரும்பித் தேர்வதில்லை.

கொடுக்கிற காசு குடிக்குத்தான் போகும் என்பதும் பழைய பேச்சு. டிரஃபால்கர் சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் நிதி வேண்டுகோளை பிபிசி வானொலி 1927 முதல் ஒலிபரப்பி வருகிறது. நேயர்கள் அனுப்பும் சிறு சிறு தொகைகள் சேர்ந்து, ஒரு பங்கு அந்தத் தேவாலயத்திலிருந்து பிறந்த கனெக்‌ஷன் என்ற பகல்நேர உதவி மையத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு நாடெங்கும் சில நூறு பவுண்டுகளாகப் பிரிந்து போகிறது: இங்கே ஒரு வாடகை முன்பணம், அங்கே ஒரு வாடகை பாக்கி, புதிதாகக் குடிபோனவருக்குப் படுக்கை. விண்ணப்பத்தை அனுப்புவது அந்த ஆளை நேரில் அறிந்த களப்பணியாளர். வாடகை பாக்கிக்காக வெளியே தள்ளப்பட இருந்த ஒரு குடும்பம் அந்தத் தொகையால் தப்பினால், அந்தக் குடும்பம் எந்தத் தெருக்கணக்கிலும் வராது. தர்மம் ஆட்களைத் தெருவில் வைத்திருக்கிறது என்பவர்கள் எண்ணாமல் விடும் ஆட்கள் இவர்கள்தான்.

கையிலேயே பணத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. கனடாவின் வான்கூவரில் வீடிழந்த 50 பேருக்கு ஒரே தடவையாக 7,500 கனடிய டாலர் நிபந்தனையின்றிக் கொடுத்தார்கள். பணம் பெறாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டு 2023இல் முடிவு வெளியானது. பணம் பெற்றவர்கள் ஓராண்டில் வீடின்றிக் கழித்த நாட்கள் குறைந்தன. மதுவுக்கும் போதைக்கும் செலவு கூடவில்லை. கடும் போதைப் பழக்கம் உள்ளவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களுக்குப் பணத்தோடு மருத்துவமும் வேண்டும். ஆனால் தெருவில் இருப்பவர் எல்லாரும் அவர்கள்தான் என்று நினைத்துக்கொள்வதில் தொடங்குகிறது தவறு.

என்னை அதிகம் யோசிக்க வைத்த வாதம் வேறொன்று. தேவாலயம் செய்துகொண்டே இருந்தால் அரசு தன் கடமையிலிருந்து நழுவிவிடும் என்று, ஏழைகள் பக்கம் நிற்பவர்களே சொல்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. கூடத்தில் விரித்த மெத்தை வீடாகாது; அதைக் காட்டி ஓர் அமைச்சர் கைகழுவினால் அது அநீதி. ஆனால் நடந்த கதை நேர்மாறு. 1966 நவம்பர் 16 அன்று, வீடிழந்து பிள்ளைகளையும் பறிகொடுக்கும் ஒரு தாயின் கதையை பிபிசி ஒளிபரப்பியது. கென் லோச் இயக்கிய ‘கேத்தி கம் ஹோம்’. நாடு உலுக்கப்பட்டது. அடுத்த மாதம் 1ஆம் தேதி ஷெல்டர் அமைப்பு தொடங்கப்பட்டது, அதே செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில். அதை உருவாக்கியவர் புரூஸ் கென்ரிக் என்ற போதகர். லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் பாழடைந்த வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு ஏழைகளைக் குடிவைக்க 1963இலேயே ஓர் அறக்கட்டளை தொடங்கியவர். ஷெல்டரின் பின்னால் கத்தோலிக்க வீட்டுதவிச் சங்கம் உட்படக் கிறிஸ்தவ அமைப்புகள் பல நின்றன. அடுத்த பத்தாண்டில் ஷெல்டரும் மற்றத் தொண்டு அமைப்புகளும் நாடாளுமன்றத்தை விடாமல் நெருக்கின. லிபரல் கட்சி உறுப்பினர் ஸ்டீஃபன் ராஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1977இல் சட்டமானது. வீடிழந்த குடும்பத்துக்கு இடம் தருவது உள்ளூர் ஆட்சியின் சட்டப்பூர்வக் கடமை என்று பிரிட்டன் ஏற்றுக்கொண்டது அப்போதுதான்.

அந்தச் சட்டம் போட்ட கோட்டுக்கு வெளியே நின்றவர்கள்தான் இன்று தேவாலயக் கூடங்களில் படுக்கிறார்கள். பிள்ளைகள் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோயாலோ முதுமையாலோ நலிந்தவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை கிடைத்தது. உடல் நலமுள்ள தனி ஆள் கவுன்சில் வாசலுக்குப் போனால் வரிசையில் கடைசி. 2017இல் வந்த சட்டம் அவருக்கும் ஓரளவு உதவச் சொல்கிறது, ஆனால் வீடு தரச் சொல்லவில்லை. குடியேற்ற நிபந்தனையால் அரசு உதவியே பெறக்கூடாத ஒருவருக்கு அதுவும் கிடையாது. அந்தக் கூடத்தை மூடிவிட்டால் அரசு ஓடிவந்து திறக்கும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. விடுதிகளுக்கான பணத்தை அரசு வெட்டியது. அதன்பிறகு தேவாலயங்களின் மெத்தைகளுக்குத் தேவை பெருகியது. வரிசையை மாற்றிச் சொல்லக்கூடாது.

மதம் மாற்றத்தான் சோறு போடுகிறார்கள் என்ற சந்தேகத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒரு காலத்தில் அது நடந்தது. விக்டோரியா காலத்துச் சமய நிலையங்களில் சூப்புக்கு முன் பிரசங்கத்தைக் கேட்டாக வேண்டிய இடங்கள் இருந்தன. இன்று கிளாஸ் டோர் போன்ற இடங்களில் வருகிறவரை மதம் கேட்பதில்லை, ஜெபிக்கச் சொல்வதுமில்லை. பரிமாறும் தன்னார்வலர்களிலும் எந்த மதமும் சாராதவர்கள் உண்டு. யாராவது உணவுக்கு விலையாக நம்பிக்கையைக் கேட்டால் அந்த இடத்தைக் கண்டிப்போம். அதற்காக எல்லாக் கதவையும் சாத்தச் சொல்வது நியாயமல்ல.

எதிர்த்தரப்பின் ஒரு புகாரை மட்டும் முழுதாக ஏற்கிறேன். லண்டனின் ஸ்ட்ராண்ட் தெருவில் ஒரே மாலையில் பல குழுக்கள் உணவு கொண்டுவரும். சில நாட்களில் யாரும் வரமாட்டார்கள். வருகிறவர்களும் ஆளின் பெயரைக்கூடக் கேட்காமல் பொட்டலத்தை நீட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள். கேசியின் கோபத்தில் இதுவும் இருந்தது, அது சரியான கோபம். ஆனால் மருந்து அந்தக் கூடங்களிலேயே இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தவர் முகம் பழகி, மூன்றாவது, நான்காவது மாலையில் அந்தப் பிளாஸ்டிக் உறையை மேசையில் எடுத்து வைப்பார். பக்கத்தில் ஆலோசகர் இருந்தால் நோட்டீஸ் சட்டப்படி செல்லுமா என்று பார்க்கலாம், தொலைந்த பிறப்புச் சான்றிதழுக்கு நகல் கோரலாம், கடிதம் வந்துசேர ஒரு முகவரி கொடுக்கலாம். முகவரி இல்லாதவருக்கு அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான ஜாப் சென்டரின் அழைப்புக் கடிதம் வந்து சேராது. சேராததால் போகமாட்டார், போகாததால் உதவித்தொகை நிற்கும். ஆகவே உணவு கொடுக்கும் குழுக்கள் தங்களுக்குள் நாட்களைப் பிரித்துக்கொள்ளட்டும், மேசைக்கு ஒரு ஆலோசகரை உட்கார வைக்கட்டும். உணவுக்குத் தடை கேட்கும் கவுன்சில் தன் எல்லைக்குள் தனி ஆட்களுக்கு இன்றிரவு எத்தனை படுக்கை காலியாக இருக்கிறது என்ற கணக்கை அதே கூட்டத்தில் வைக்கட்டும். படுக்கை இருந்தால், அங்கே கூட்டிப்போக அந்தத் தன்னார்வலர்களே முதலில் வருவார்கள்.