தண்ணீர் ஊற்றாததால் சாகவில்லை

வடசென்னையைப் பற்றி நிரந்தரமாகச் சொல்லப்படும் வசனங்களில் ஒன்று: "அங்கெல்லாம் மரம் வெச்சா நிக்காதுங்க, ஜனங்க தண்ணி ஊத்த மாட்டாங்க."

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஒரு மரம் நடுவிழா நடக்கும். பச்சை வலைக் கூண்டு, பேனர், போட்டோ எல்லாம் இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கூண்டு மட்டும் இருக்கும். உடனே பழி அந்தத் தெரு ஜனங்கள் மேல் விழும். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிப் பழகியவர்களுக்குத் தண்ணீரின் அருமை பற்றி வகுப்பு வேறு எடுப்பார்கள்!

சரி, விஷயத்துக்கு வரலாம். இந்தப் பகுதியில் செத்துப் போகிற செடிகளில் பல, தண்ணீர் ஊற்றாததால் சாவதில்லை. ஊற்றிய தண்ணீரால் சாகின்றன.

மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்ட கதை நிலத்தடி நீர் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்குமாகப் பல வருடம் உறிஞ்சியதன் விளைவு அது. 2010-ல் அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். நல்ல தண்ணீரை எடுத்து முடித்த பிறகு கடலையே சுத்தம் பண்ண வேண்டிய நிலை. கரையோரத் தெருக்களில் போர் போட்டால் வாயில் வைக்க முடியாத தண்ணீர்தான் பல இடங்களில் வருகிறது. செடிக்கும் அதே தண்ணீர்தான்.

உப்பு ஒரு செடியை இரண்டு விதமாக அடிக்கும். முதலில், மண்ணில் உப்பு ஏற ஏற வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. மண் ஈரமாக இருக்கும், செடி தாகத்தில் வாடும். அதைப் பார்த்து வீட்டுக்காரம்மா பாவப்பட்டு இன்னொரு குடம் ஊற்றுவார். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. மறுநாள் செடி இன்னும் வாடும், இன்னொரு குடம் விழும். இரண்டாவது அடி மெதுவாக வருவது. சோடியமும் குளோரைடும் இலைகளில் சேர்ந்துகொண்டே போகும். அடி இலைகளின் நுனியும் ஓரமும் தீய்ந்த மாதிரி பழுப்பாகும். அதைப் பார்த்துவிட்டு "வெயில்ல கருகிடுச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

மாடித் தோட்டத்திலும் இதே கூத்துதான். தோட்டக்கலைத் துறை 2010-களில் மானிய விலையில் பைகளும் தென்னை நார்க்கழிவும் விதையும் கொடுத்தது. நல்ல திட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீரைச் சோதித்துப் பார் என்று மாடித் தோட்டம் பேசுபவர்களில் எத்தனை பேர் முதலில் சொல்கிறார்கள்? நார்க்கழிவிலேயே உப்பு இருக்கும். கழுவாமல் பையில் நிரப்பினால் நாற்று தள்ளாடும். இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற இன்னொரு யோசனை உண்டு: "ஆர்.ஓ. மெஷினிலிருந்து வீணாகப் போகும் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள்." சொல்பவர்களுக்கு நல்ல மனசு. கணக்குதான் இடிக்கிறது.

வீட்டுக்கு வரும் தண்ணீரில் லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நாலு லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரும் மூன்று லிட்டர் கழிவும் வருகிறது. நாலு லிட்டரில் இருந்த உப்பு கிட்டத்தட்ட முழுவதும் அந்த மூன்று லிட்டரில்தான் இருக்கும். அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 2000 மில்லிகிராம். விவசாயக்காரர்கள் பேசும் டெசிசீமன்ஸ் கணக்கில் இது 3-க்கு மேல். வழக்கமான பாசனத்தில் மண்ணில் சேரும் உப்பு, தண்ணீரில் உள்ளதைப் போல ஒன்றரை மடங்கு என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஆக, வேர் இருக்கும் இடத்தில் சுமார் நாலரை.

இப்போது 1977-ல் மாஸ், ஹாஃப்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் போட்ட பட்டியலை எடுத்துப் பார்க்கலாம். பீன்ஸ் 1 வரைதான் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் 19 சதவீத விளைச்சல் போகும். தக்காளி 2.5 வரை தாங்கும். பிறகு புள்ளிக்கு ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். பீட்ரூட் 4 வரை கவலைப்படாது. அதாவது அதே மாடியில், அதே தண்ணீரில் பீன்ஸ் மூன்றில் இரண்டு பங்கு காலி, தக்காளி ஐந்தில் ஒரு பங்கு காலி, பீட்ரூட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. வளர்த்தவர் அதே ஆள்தான். இதில் "கைராசி" எங்கே வந்தது? (அடி ஓட்டை அடைத்த தொட்டியாக இருந்தால் இதைவிட மோசம். உப்பு வெளியே போக வழியே இல்லை.)

ஆர்.ஓ. சர்வீஸ் பண்ண வருகிற தம்பி சட்டைப்பையில் பேனா மாதிரி ஒரு மீட்டர் வைத்திருப்பான். அதைத் தண்ணீரில் ஒரு முறை முக்கிப் பார்த்தால் போதும். நூறு கன்று நடுகிற விழாக் குழுவுக்கு அந்தப் பேனா கண்ணில் படுவதில்லை.

அடுத்தது கன்று எங்கே, எப்படி உருவானது என்பது. ஆந்திராவின் கடியம் மாதிரி நர்சரி ஊர்களில் செம்மண்ணும் நல்ல தண்ணீரும் நிழல்வலையும் பார்த்து வளர்ந்த கன்றை லாரியில் ஏற்றி, எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரே நாளில் நட்டால் அது என்ன செய்யும்? செடிக்கும் பழக்கம் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக உப்பு கூட்டிப் பழக்கினால் செல்லுக்குள் சர்க்கரை, புரோலின் மாதிரியான பொருள்களைச் சேர்த்துக்கொண்டு ஓரளவு சமாளிக்கும். திடீரென்று கொண்டுபோய்த் தள்ளினால் அதற்கு நேரமே கிடைக்காது. பிளாஸ்டிக் பையில் அதிக நாள் கிடந்த கன்றின் வேர் பைக்குள்ளேயே வட்டம் போட்டுச் சுருண்டிருக்கும். மண்ணில் வைத்த பிறகும் அது சுருண்டபடியே தடிக்கும். பத்து வருடம் பசுமையாக நின்றுவிட்டு ஒரு புயலில் சாயும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது சென்னை முழுக்க விழுந்து கிடந்த குல்மோகரையும் தூங்குமூஞ்சியையும் பார்த்தவர்களுக்கு வேர் என்ற சொல்லின் அர்த்தம் புரிந்திருக்கும். ஆனாலும் கன்று வாங்கும்போது கேட்கப்படுவது உயரம்தான். எட்டு அடி இருந்தால் போட்டோவில் நன்றாக வரும் அல்லவா.

இந்தக் கரையில் எதுவுமே வளராது என்பதும் பொய். பனை, பூவரசு, புன்னை, புங்கம் எல்லாம் கடற்காற்றைப் பார்த்தே வளர்ந்த ஜாதி. தென்னைக்குக் குளோரைடு ஒரு சத்து. நடும் குழியில் உப்புப் போடும் பழக்கம் நம் ஊரில் சும்மா வரவில்லை. பழம் வேண்டுமா, சப்போட்டா இருக்கிறது. அதிலும் ஒரு அழகான விஷயம் உண்டு. நல்ல நர்சரிகளில் சப்போட்டாவைப் பாலை மரக் கன்றின் மேல் ஒட்டுக் கட்டுவார்கள். மேலே இருப்பது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த மரம், கீழே வேர் பிடித்து நிற்பது சோழமண்டலக் கரையின் வறண்ட காட்டு மரம். இடத்துக்குத் தகுந்த வேரைத் தேர்ந்தெடுக்கும் வித்தை நம் தோட்டக்காரர்களுக்கு எப்போதோ தெரியும்!

ஆனால் இதைச் சாக்காக வைத்து "தாங்குகிற மரமாகப் பார்த்து வைத்துவிட்டால் ஆயிற்று" என்று ஆலைக்காரர்கள் கிளம்பினால் அதையும் ஒத்துக்கொள்ள முடியாது. அனல்மின் நிலையச் சாம்பல் இலை மேல் படிந்தால் வெளிச்சம் மறையும், இலைத் துளைகள் அடைபடும். மண்ணில் கலந்தால், பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது என்பதால், இரும்புச் சத்து வேருக்கு எட்டாது. அப்போது கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். உப்பு அடி இலையில் ஆரம்பிக்கும், இது கொழுந்தில் ஆரம்பிக்கும். இரண்டும் சேர்ந்தால் எந்த மரத்துக்கும் கஷ்டம்தான்.

தாங்குவதற்கென்றே பிறந்த செடி அலையாத்தி. எண்ணூர் முகத்துவாரத்தில் இலை வழியாக உப்பைக் கக்கிக்கொண்டு, சேற்றுக்கு மேலே மூச்சு வேரை நீட்டிக்கொண்டு நிற்கிறது. விதை தாய் மரத்தில் இருக்கும்போதே பழத்துக்குள் முளைக்கத் தொடங்கிவிடும். சேற்றில் விழுந்ததும் பிடித்துக்கொள்ளும். எந்த நர்சரியும் அதற்கு இதைவிட நல்ல நாற்று கொடுக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலையாற்றில் பரவியபோது அந்த மூச்சு வேர்கள் மேல் கறுப்பாகப் பூசிக்கொண்டது. உப்புக்குத் தயாராக இருந்த செடி எண்ணெய்க்குத் தயாராக இல்லை. மீன்பிடிப் படகுகளும் வலைகளும் அதே எண்ணெயில்தான் கிடந்தன.

அந்த மீனவக் குப்பங்களிலும்தான் நாளைக்கு ஒரு நடுவிழா வைப்பார்கள். வைக்கட்டும். நடும் அன்று எத்தனை கன்று என்று அறிவிப்பதோடு மூன்று வருடம் கழித்து எத்தனை நிற்கிறது என்பதையும் அதே பேனரில் போடட்டும். ஊற்றப் போகும் தண்ணீரின் உப்புக் கணக்கை முதலில் எடுக்கட்டும். பாலைக் கன்று ஒட்டுக் கட்டும் பருமனுக்கு வரவே இரண்டு வருடம் ஆகும். விழாத் தேதியை அதற்கு அப்புறம் குறிக்கலாம்.