சந்தா கட்டியவர்களின் சரித்திரம்

அமெரிக்க ஊர் வரலாற்று நூல்களைத் தேடிச் சேகரிக்கத் தொடங்குகிறவர் முதலில் மயங்குவது ஒரு குறிப்பிட்ட வகைப் புத்தகத்தில்தான். கையில் ஏந்தினால் கனக்கும் தடிமன், தோல் முதுகு, பொன்னெழுத்து. உள்ளே எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட தாடிக்காரர்களின் உருவப்படங்கள். 1870களிலிருந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், அந்நாட்டின் கவுன்ட்டி ஒவ்வொன்றுக்கும் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) இத்தகைய வரலாறு ஒன்றாவது எழுதிவிடுவது என்று சில பதிப்பகங்கள் கங்கணம் கட்டிக்கொண்டு உழைத்தன. பழைய புத்தகக் கடைகளில் இவற்றைக் கண்ணாடிக் கதவிட்ட அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். சேகரிப்பாளரின் பணமும் அலமாரி இடமும் முதலில் இவற்றுக்குப் போவது பெரும்பிழை என்பது எங்கள் கருத்து. அழகான புத்தகங்களைப் பழிப்பது எங்கள் நோக்கமல்ல. ஆனால் அவை எப்படி உருவாயின என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவற்றை மதிப்பிட இயலாது.

1876 அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் நூற்றாண்டு. அவ்வாண்டு மார்ச்சில் காங்கிரஸ் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மே 25 அன்று குடியரசுத் தலைவர் கிராண்ட் அதைப் பிரகடனமாக வெளியிட்டார். ஒவ்வொரு கவுன்ட்டியும் ஊரும் தன் தோற்றம் முதலான வரலாற்றுச் சுருக்கத்தை எழுதி ஜூலை 4 அன்று மக்கள் முன் வாசிக்க வேண்டும், ஒரு படியைக் கவுன்ட்டி அலுவலகத்திலும் மற்றொன்றைக் காங்கிரஸ் நூலகத்திலும் சேர்க்க வேண்டும் என்பது பரிந்துரை. ஏற்கெனவே கவுன்ட்டி நிலப்பட நூல்களை விற்றுப் பழகியிருந்த வணிகர்கள் இந்த ஆர்வத்தில் ஒரு நல்ல சந்தையைக் கண்டுகொண்டார்கள்.

ஊருக்குள் முதலில் நுழைந்தவர் வரலாற்றாசிரியர் அல்லர், சந்தா பிடிக்கும் முகவர். வீடு வீடாகச் சென்று முன்பதிவு வாங்குவார். புத்தகத்துக்கு ஒரு விலை. பண்ணை வீட்டையும் களஞ்சியத்தையும் கல்லச்சுப் படமாகப் போட வேண்டுமானால் தனிக் கட்டணம். உருவப்படத்துக்கு அதற்கும் மேலே. சந்தா போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் எழுதுகிறவர்கள் வருவார்கள். காசு கொடுத்தவரின் வாழ்க்கைக் குறிப்பில் குறை எதுவும் இராது: உழைப்பாளி, தெய்வ பக்தியுள்ளவர், ஊருக்கு உபகாரி. புத்தக வணிகர்கள் இவற்றுக்கு 'மக் புக்' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். முகங்களின் புத்தகம். முகநூல் என்ற சொல்லுக்கு அன்றே ஒரு பொருள் இருந்திருக்கிறது! புரவலரின் பெயர் தவறாமல் பாடலில் ஏறிவிடுவது நமக்கும் புதிதல்லவே. ஆனால் நம் புலவர்கள் அதை வரலாறு என்று அட்டையில் அச்சிட்டு விற்கவில்லை.

இருந்தாலும் நியாயம் பேச வேண்டும். இந்த வணிகர்களில் பெயர் பெற்றவரான ஆல்ஃப்ரெட் ஆண்ட்ரியாஸ் மின்னசோட்டா (1874), அயோவா (1875), இந்தியானா (1876) மாநிலங்களுக்கு நிலப்பட நூல்கள் வெளியிட்டவர். அவரே 1884 முதல் 1886 வரை மூன்று தொகுதிகளாகச் சிகாகோவின் வரலாற்றைக் கொண்டுவந்தார். 1871ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அந்நகரின் வரலாற்றுக் கழகக் கட்டடமும் அதிலிருந்த சேகரமும் சாம்பலாகிவிட்டன. லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனத்தின் கையெழுத்துப் படியே அதில் எரிந்துபோனது. தீக்கு முந்திய சிகாகோவைப் பற்றி உயிரோடிருந்தவர்களிடம் கேட்டும் கிடைத்த தாள்களைக் கொண்டும் எழுதிய ஆண்ட்ரியாஸின் நூலை இன்றும் எவரும் ஒதுக்கிவிட முடியாது. 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவங்களும் இப்படித்தான் போயின. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தில் பற்றிய தீயில் பெரும்பகுதி பாழாயிற்று. அந்தப் பத்தாண்டில் ஒரு குடும்பம் எங்கே இருந்தது என்று தேடுகிறவருக்கு மிஞ்சியிருப்பவற்றுள் நகர முகவரிப் புத்தகங்களும் இந்தச் சந்தா வரலாறுகளும் அடங்கும்.

ஆனால் சந்தா கட்டாதவர்கள்? இந்நூல்களில் பலவற்றைப் புரட்டியதில் எங்களுக்குப் பழகிப்போன ஒரு வடிவம் உண்டு. முதல் அத்தியாயத்தில் நிலவியலோடும் காட்டு விலங்குகளோடும் சேர்த்துப் பழங்குடிகள் வருவார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் முதல் வெள்ளைக் குடியேறி வருவார். அதன் பிறகு பழங்குடிகளைப் பற்றிப் பேச்சே இருக்காது. கறுப்பர்கள், கூலியாட்கள், சீனத் தொழிலாளர்கள் எல்லோரும் தொகையாக ஒரு வாக்கியத்தில் முடிந்துபோவார்கள். பெண்கள் கணவரின் குறிப்பில் கடைசி வரியாக இருப்பார்கள்.

ஓக்லஹோமாவின் துல்சா நகரை எடுத்துக்கொள்வோம். சிகாகோவைச் சேர்ந்த எஸ். ஜே. கிளார்க் பதிப்பகம் அந்நகருக்கு மூன்று தொகுதிகளில் ஒரு வரலாறு வெளியிட்டது. 'ஆளுமையுள்ள ஒரு நகரம்' என்பது துணைத்தலைப்பு. வெளியான ஆண்டு 1921. அதே 1921இல், மே 31இலும் ஜூன் 1இலும், வெள்ளையர் கும்பல் அந்நகரின் கிரீன்வுட் என்ற கறுப்பர் பகுதியில் புகுந்து முப்பத்தைந்து தெருச்சதுக்கங்களை எரித்தது. அதற்குத் தூபம் போட்டதாகச் சொல்லப்படும் செய்தி 'துல்சா ட்ரிப்யூன்' நாளிதழின் மே 31 பதிப்பில் வந்தது. பின்னாளில் அவ்விதழ் நுண்படச்சுருளில் ஏற்றப்பட்டபோது முதல் பக்கத்திலிருந்த அச்செய்தி கிழித்தெடுக்கப்பட்டிருந்தது. தலையங்கப் பக்கத்தின் பெரும்பகுதியும் இல்லை.

கிழிக்கப்படாமல் மிஞ்சியது வேறொன்று. கிரீன்வுட்டில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்பித்துவந்த மேரி ஜோன்ஸ் பாரிஷ் என்பவர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு துப்பாக்கிச் சூட்டுக்கிடையே ஓடித் தப்பியவர். திரும்பி வந்து, தன் அனுபவத்தையும் பிறரிடம் கேட்டுப் பெற்ற வாக்குமூலங்களையும் புகைப்படங்களையும், இன்னாருக்கு இவ்வளவு சொத்து நட்டம் என்ற பட்டியலையும் சேர்த்து 1923 வாக்கில் தனியாக அச்சிட்டுக்கொண்டார். பதிப்பகம் இல்லை, முகவர் இல்லை. அச்சான படிகள் மிகச் சில. பல பத்தாண்டுகள் அந்நகரமே பேச மறுத்த ஒரு நிகழ்வை ஆராய 1997இல் மாநில ஆணையம் அமைந்தபோது, நிகழ்ந்த சூட்டோடு எழுதப்பட்ட சாட்சியமாக அந்தச் சிறு நூல் இருந்தது. பரவலான வாசகர்களுக்கு அது மறுபதிப்பாகக் கிடைத்தது 2021இல்தான். மூன்று தொகுதிகளுக்கும் இந்தச் சிறு நூலுக்கும் இடையில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் எதைக் காப்பாற்றுவது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

இன்னொன்று மிஷிகன் மாநிலத்தின் பாபா என்ற சிற்றூரிலிருந்து. 1866இல் மலிண்டா ரஸ்ஸல் என்ற கறுப்பினப் பெண் அங்கே ஒரு சமையல் புத்தகத்தைத் தானே வெளியிட்டார். நாற்பது பக்கம்கூட இல்லை. கேக்கும் இனிப்பும்தான் அதிகம். ஆனால் முன்னுரையில் தன் கதையைச் சொல்கிறார்: கிழக்கு டென்னசியில் சுதந்திரப் பெண்ணாகப் பிறந்தது, கணவனை இழந்தது, ஊனமுற்ற மகனோடு விடுதியும் பலகாரக் கடையும் நடத்திப் பணம் சேர்த்தது, உள்நாட்டுப் போர்க்காலத்தில் அது கொள்ளை போய் வடக்கே வந்தது, இந்தப் புத்தகம் விற்ற காசில் ஊர் திரும்ப நினைப்பது. அறியப்பட்டவற்றுள் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஒருவர் எழுதிய முதல் சமையல் நூல் இதுவே. உலகில் ஒரே ஒரு படிதான் எஞ்சியிருப்பதாகத் தெரிகிறது. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் கிளெமென்ட்ஸ் நூலகம் 2007இல் அதன் நகலச்சை வெளியிட்டது. ஒரே ஒரு படி! யாரோ ஒருவர், சமையல் குறிப்புதானே என்று அதைக் குப்பையில் போட்டிருந்தால் அவ்வளவுதான்.

சேகரிப்புலகின் ரசனையை வகுத்ததில் சிகாகோ வணிகர் ரைட் ஹௌஸ் 1954இல் வெளியிட்டு 1962இல் விரிவாக்கிய நூற்பட்டியலுக்குப் பெரும் பங்குண்டு. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வரலாற்று நூல்கள். அரிமையையும் விலையையும் சுட்டும் எழுத்துக் குறிகள். அருமையான உழைப்பு. ஆனால் பட்டியலில் இருப்பதைத் தேடுவதே சேகரிப்பு என்றொரு பழக்கத்தையும் அது உண்டாக்கிவிட்டது. சமையல் கையேடும் தேவாலய வெள்ளிவிழா மலரும் அந்தப் பழக்கத்தின் வலையில் சிக்குவது அரிது.

அந்தத் தடித்த நூல்களின் பாட்டை மின்னுருவாக்கம் பெருமளவு தீர்த்துவிட்டது. உரையைப் படிக்க இணையமே போதும். அதனால் அசலை வீசிவிடலாம் என்று சில நூலகங்கள் கழித்துக் கட்டுவதை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவசரமாகப் பிடிக்கப்பட்ட பல மின்னுருக்களில் மடித்து வைத்த நிலப்படம் விரிக்கப்படாமலேயே படமாகியிருக்கும். ஓரத்தில் பென்சிலால், இது என் பாட்டனார் அல்லர், அவருடைய அண்ணன் என்று யாரோ திருத்தியிருந்தால் அது அந்த ஒரு படியில் மட்டுமே உண்டு. நிலப்பட நூலைப் பிரித்து, தாள் தாளாகச் சட்டமிட்டு வரவேற்பறைச் சுவருக்கு விற்பவர்களைப் பற்றிப் பேசவே எங்களுக்கு மனமில்லை.

ஆகவே, நூலக நண்பர்கள் நடத்தும் விற்பனையில் கடைசி நாள் ஒரு பைக்கு ஒரே விலை என்று அறிவிக்கும்போது, பையில் எதை நிரப்புவது? மெலிந்தவற்றை, அட்டை கிழிந்தவற்றை. தேவாலயப் பெண்கள் நிதி திரட்ட வெளியிட்ட சமையல் தொகுப்பு: ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் ஒரு பெண்ணின் பெயர். பள்ளி ஆண்டு மலர்: மன்சனார் முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்க மாணவர்கள் 1944இல் வெளியிட்டதும் அப்படியோர் ஆண்டு மலர்தான். மூடிய தொழிற்சாலையின் சங்க அறிக்கை, தீயணைப்புப் படையின் விழா மலர். வாங்கியவுடன் எங்கே, எப்போது, யாரிடமிருந்து வாங்கியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைத்தல் நலம். பசை வேண்டாம், அமிலத்தாள் ஏற்கெனவே பழுத்துப்போயிருக்கும்.

நமக்கும் ஓஹாயோவின் ஒரு கவுன்ட்டிக்கும் என்ன ஒட்டு என்று நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊர் என்பது ஒரு பதில். இன்னொரு பதில் நம் வீட்டுக் கார் கொட்டகையிலேயே இருக்கிறது. நியூயார்க்கின் ஃப்ளஷிங்கில் பிள்ளையார் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1977இல். அந்தத் தலைமுறையில் தொடங்கி எத்தனையோ கோயில்களின் குடமுழுக்கு மலர்களும் தமிழ்ச் சங்கங்களின் பொங்கல் மலர்களும் அச்சாகியிருக்கின்றன. பாதிப் பக்கம் கட்டண வாழ்த்துகள்தாம். அந்த வகையில் நாமும் சந்தா கட்டியவர்கள். மீதிப் பக்கங்களில் நன்கொடையாளர் பட்டியல், குழந்தைகள் நாடகத்தின் புகைப்படம், முதல் தமிழ்ப் பள்ளி யார் வீட்டு நிலவறையில் நடந்தது என்ற கட்டுரை. அவையும் அமெரிக்க ஊர் வரலாறே. குவீன்ஸ் பொது நூலகமும் குவீன்ஸ் கல்லூரியும் 2010இல் தொடங்கிய நினைவுத் தொகுப்புத் திட்டம் போன்றவை சாதாரண மக்களின் இத்தகைய தாள்களைத்தான் கேட்கின்றன. வீடு மாறும்போது அந்த அட்டைப் பெட்டியைத் தெருவோரம் வைப்பதற்கு முன், உங்கள் ஊர் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவை ஒருமுறை தொலைபேசியில் அழையுங்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எந்த ஆண்டு, எந்தச் சங்கம், புகைப்படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்பதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.