மற்போர்க் கூத்தும் மெய்வருத்தமும்

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் பண்டிதன் ஒருவன் அமெரிக்க நாட்டு மற்போர்க் காட்சிகளைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசகருட் சிலர் புருவம் நெரிப்பர், சிலர் நகைப்பர். நகைப்பவர் நகைக்க. டபிள்யூ.டபிள்யூ.எஃப். எனப்பட்ட உலக மற்போர்ச் சம்மேளனம் 1987ஆம் ஆண்டு முதல் 1992ஆம் ஆண்டு வரை நடத்திய காட்சிகள் சில, என் இளமைக் காலத்து இன்பங்களுள் வைத்து எண்ணத்தக்கவை. ஓய்வு கிட்டும்போது இன்றும் அவற்றை மீண்டும் பார்க்கின்றேன். அண்மையில் அவ்வாறு பார்த்துக்கொண்டிருந்தபோது எம் கல்லூரி மாணவன் ஒருவன் வந்து நின்றான். "ஐயா, இது பொய்ச் சண்டையெல்லோ?" என்றான். யான் அன்று ஏதோ கூறி அவனை அனுப்பிவிட்டேன். அவ்விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஆதலின் இங்கே சிறிது விரித்துக் கூறுகின்றேன்.

பொய் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றேன். அம்மேடையில் வெல்பவர் யார், தோற்பவர் யார் என்பது முன்னரே முடிவு செய்யப்படுகின்றது. இஃது இன்று மறைபொருளுமன்று. 1989ஆம் ஆண்டில், தாம் நடத்துவது போட்டியன்று, கேளிக்கையே என்று அச்சம்மேளனத்தாரே நியூ ஜேர்சி மாநிலச் சட்டசபையாரிடம் அறிவித்தனர். ஆயின், பொய்யென்பதொன்றே குற்றமாகுமெனின், கூத்தும் நாடகமும் ஒருங்கே குற்றமாய் முடியும். நாடக வழக்கு வேறு, உலகியல் வழக்கு வேறு எனத் தொல்காப்பியர் பகுத்துணர்ந்தமை யாம் அறிந்ததே. அகப்பாடலிற் கூறப்படும் தலைவி எவ்வூரில் வாழ்ந்தாள் என்று ஒருவரும் வினாவுவதில்லை. அவள் துயர் நம்மைத் தொடுகின்றதா என்றே நோக்குகின்றோம். மற்போர்க் கூத்தையும் அவ்வாறே நோக்குதல் வேண்டும்.

எனக்கு மிகவும் உவப்பான காட்சி 1987ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்துப் பொன்ரியாக் நகரில் நடைபெற்ற மூன்றாவது ரெசில்மேனியா ஆகும். அன்று 93,173 பேர் கூடினர் என்பது சம்மேளனத்தார் கூறும் கணக்கு. அத்தொகை மிகை என்பாரும் உளர். அக்காட்சியில் ரிக்கி ஸ்டீம்போட், ரண்டி சாவேஜ் என்னும் இருவர் பொருதனர். சில திங்களுக்கு முன் சாவேஜ் மேடை மணியைக் கொண்டு ஸ்டீம்போட்டின் தொண்டையை நசுக்கினான் என்பது கதை. ஆதலின் அவர் பழி தீர்க்க வந்தவராய்த் தோன்றினார். ஏறத்தாழ 15 நிமிடங்கள் நிகழ்ந்த அப்போரில் வீணான அசைவு ஒன்றேனும் இல்லை. சாவேஜ் அதன் ஒவ்வோர் அசைவையும் முன்னரே எழுதி இலக்கமிட்டு, இருவரும் மனனஞ் செய்யும்படி வற்புறுத்தினார் என ஸ்டீம்போட் பின்னாளிற் பன்முறை கூறியுள்ளார். எழுதிப் பாடஞ் செய்த ஒன்று அக்கணமே பிறந்தது போலத் தோன்றுதல் எளிய காரியமன்று. பிரசங்கஞ் செய்வோர் இதனை நன்கு அறிவர்.

அன்றைய இறுதிப் போரோ ஹல்க் ஹோகனுக்கும், பேருருவினரான அந்திரேக்கும் இடையே நிகழ்ந்தது. அந்திரே 1946ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிற் பிறந்தவர். வளர்ச்சிச் சுரப்பு மிகையால் உண்டாகும் நோயே அவர்க்கு அப்பேருருவை அளித்தது. பதினைந்து ஆண்டுகள் தோல்வியறியாதவர் என்று அவரை விளம்பரஞ் செய்திருந்தனர். அவரை ஹோகன் தூக்கி எறிந்து வென்றதே அக்காட்சியின் உச்சம்.

இக்காட்சியின் ஒளிநாடா எங்கள் ஊருக்கு அடுத்த ஆண்டளவில் வந்தது. மின்சாரம் ஒழுங்காக வராத நாட்கள் அவை. வாடகைக்கு எடுத்த மின்பிறப்பாக்கி முற்றத்தில் இரைந்துகொண்டிருக்க, அயல் வீட்டு விறாந்தையில் நாங்கள் நெருங்கி அமர்ந்து பார்த்தோம். அவ்வீட்டு ஆச்சியும் தூணிற் சாய்ந்திருந்து பார்த்தார். நாங்கள் ஹோகனுக்காகக் கைதட்டி ஆரவாரித்தபோது ஆச்சி, "உந்தப் பெரிய பெடியனுக்கு நாரி நோகுது, தம்பி. நடையைப் பார். பாவம், ஆரோ இழுத்துக்கொண்டு வந்து விட்டிருக்கினம்" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், யானும் சிரித்தேன். பல்லாண்டு கழிந்த பின்னரே, அந்திரே 1986ஆம் ஆண்டில் முதுகிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் என்பதையும், அன்று உடையின் உள்ளே முதுகுத்தாங்கி அணிந்திருந்தார் என்பதையும் படித்தறிந்தேன். நாங்கள் கண்டது கதையை. நாரிப்பிடிப்பால் நெடுநாள் வருந்திய அம்மூதாட்டி கண்டது மனிதனை. அந்த நோவுடன் அவர் தம் பெரும் பாரத்தை மற்றொருவர் தோள்மேல் ஏற்றி, வீழ்த்தப்படுவதற்கு இசைந்தார். அவர் இசையாதிருப்பின் ஹோகன் அவரைத் தூக்கியிருத்தல் அரிது. வென்றவர் புகழ் தோற்றவர் அளித்த கொடையாகும்.

எனக்கு உவப்பான மற்றொரு காட்சி 1992ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் இலண்டன் வெம்பிளி விளையாட்டரங்கில் நிகழ்ந்தது. அங்கே பிரெட் ஹார்ட் என்பாரும் டேவி போய் சிமித் என்பாரும் எதிர்த்து நின்றனர். டேவியின் மனைவி பிரெட்டின் தங்கையாதலின், மைத்துனர் இருவர் பொருவதாகவே கதை அமைந்தது. போர் தொடங்கிய சிறிது நேரத்திலேயே டேவி தாம் செய்யவேண்டியவற்றை முற்றும் மறந்துவிட்டார் என்றும், அடுத்தடுத்த அசைவுகளைத் தாமே மெல்லச் சொல்லி அவரை நடத்திச் சென்றதாகவும் பிரெட் தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். ஏறத்தாழ 25 நிமிடங்கள் நிகழ்ந்த அப்போரில், தோற்க வேண்டிய பிரெட் வெல்ல வேண்டியவரைக் கைப்பிடித்து வெற்றிக்கு அழைத்துச் சென்றார். அரங்கு நிறைந்த மக்கள் பகையைக் கண்டனர். அதன் உள்ளே நிகழ்ந்ததோ பரிவு.

இதுவே இக்கலையின் உயிர்நிலை என்பது என் துணிபு. ஒருவர் தம் கழுத்தையும் முதுகையும் மற்றவர் கையில் ஒப்புவிக்கின்றார். மற்றவர் அவற்றை முறிப்பவர் போலத் தோன்றி, முறியாமற் காக்கின்றார். சினம் பொய், அடைக்கலம் மெய். இதனை அறிந்து பார்ப்பவனுக்கு அக்காட்சி முன்னிலும் இனிக்குமேயன்றிக் கசக்காது.

ஆயின் கசப்பு வேறோரிடத்தில் உண்டு. 1989ஆம் ஆண்டில் சம்மேளனத்தார் உண்மையை ஒப்புக்கொண்டது உண்மையின்மேற் கொண்ட காதலால் அன்று. மற்போரை விளையாட்டுப் போட்டி என்று கொண்டமையால் அம்மாநிலம் மல்லருக்கு அனுமதிப்பத்திரமும், போருக்கு முன் உடற்பரிசோதனையும் விதித்து, ஒளிபரப்புக்கு வரியும் அறவிட்டது. இது வெறும் கேளிக்கை என்று கொள்ளப்படின் அக்கட்டுகள் நீங்கும். சண்டை பொய் என்பதால், வீழும் உடலும் பொய்யாகிவிடுமா? மரப்பலகையின்மேல் இரவுதோறும் முதுகு பட வீழ்பவனுக்கு மருத்துவன் வேண்டாமா? இவ்வினாவை அன்று உரத்துக் கேட்டவர் மிகச் சிலரே. இரசிகராகிய நாமும் கேட்கவில்லை.

பத்தாண்டுகள் கழிந்து, 1999ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், பிரெட்டின் தம்பியாகிய ஓவன் ஹார்ட், கன்சாஸ் நகர் அரங்கொன்றின் கூரையிலிருந்து வேடிக்கைக் காட்சிக்காகக் கயிற்றில் இறக்கப்பட்டார். கொளுக்கி விடுபட்டமையால் மேடைமேல் வீழ்ந்து உயிர் துறந்தார். அவர்க்கு வயது 34. அறிவிப்பாளர் தொலைக்காட்சியிற் பார்த்திருந்தோரிடம், இது கதையின் பகுதியன்று, உண்மையாகவே நிகழ்ந்தது என்று மீண்டும் மீண்டும் சொல்ல நேர்ந்தது. அரங்கிலிருந்தோருக்கு அவரது மரணம் அறிவிக்கப்படவில்லை. சிறிது இடைவெளியின் பின் காட்சி தொடர்ந்தது. அம்மேடைமீதே ஏனையோர் பொருதனர். கூத்து நிறுத்தப்பட வேண்டிய நேரத்தில் நிறுத்தப்படவில்லை. மற்போரின் பொய் எது என்று என்னைக் கேட்பின், அவ்விரவு தொடர்ந்த காட்சியையே சுட்டுவேன்.

"அவர்கள் விரும்பி ஏற்ற தொழில், பெரும் பொருள் பெற்றனர், நமக்கென்ன?" என்று கூறுவார் உளர். விரும்பி ஏற்றனர் என்பது உண்மையே. அந்திரே 1993ஆம் ஆண்டில் 46 வயதில் மறைந்தார். டேவி போய் சிமித் 2002ஆம் ஆண்டில் 39 வயதில் மறைந்தார். சாவேஜ் 2011ஆம் ஆண்டிலும், ஹோகன் 2025ஆம் ஆண்டு யூலை மாதத்திலும் காலமாயினர். இவற்றுக்கெல்லாம் மேடையே காரணம் என்று யான் சொல்லத் துணியேன். எனினும், அவர்கள் விரும்பி அளித்ததை விரும்பிப் பெற்றவர் நாம். பெற்றவனுக்கு ஒரு கடன் உண்டு. அளிப்பவன் உடலை அறிந்து காணுதலே அக்கடன்.

ஆகவே அம்மாணவனுக்கு யான் கூறும் விடை இது: தம்பி, சண்டை பொய்தான், அதைத் தாராளமாகப் பார். நல்ல கூத்தைப் பார்ப்பது போலப் பார். ஆனால் "இது மெய்யா, பொய்யா?" என்ற கேள்வியோடு நின்றுவிடாதே. அது விறாந்தையில் இருந்து சிரித்த எங்களுடைய கேள்வி. தூணிற் சாய்ந்திருந்த ஆச்சி கேட்டது வேறு. உந்தப் பிள்ளைக்கு எங்கே நோகுது என்று கேட்டுக்கொண்டு பார்.