யாரோடு உண்கிறோம்?

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 10:1 – 11:18



பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் திருத்தணியிலிருந்து சென்னைக்குச் சென்று, லிட்டில் இத்தாலி போன்ற உயர்தர இத்தாலிய உணவகங்களில் விருந்துண்ணும் வழக்கம் நம் சபைக் குடும்பங்களிலும் வந்துவிட்டது. இது விசுவாசிக்குத் தகுமா என்று சிலர் கேட்கின்றனர். தகும் என்பதே என் கருத்து. பாஸ்தாவிலும் பீட்சாவிலும் பாவம் இல்லை. நம் ஆண்டவர் கானாவூர்க் கலியாணத்திற்கும் சென்றார். லேவியின் விருந்திலும் பந்தியமர்ந்தார். கடன் வாங்காமல் ஸ்தோத்திரத்தோடு உண்பவரை நாம் குற்றப்படுத்த வேண்டியதில்லை.

ஆனால், யாரோடு உண்கிறோம் என்ற கேள்வியிலிருந்து வேதம் நம்மை விடுவதில்லை.

செசரியாவில் வாழ்ந்த கொர்நேலியு, இத்தாலியா பட்டாளத்தின் நூற்றுக்கு அதிபதி. பேதுரு அவருடைய வீட்டிற்குச் சென்று பிரசங்கித்தார். பரிசுத்த ஆவியானவர் கேட்டவர்கள் எல்லார்மேலும் இறங்கினார். ஆயினும் எருசலேமில் விருத்தசேதனமுள்ளவர்கள் பேதுருவின்மேல் சாட்டிய குற்றம் என்ன? அந்நியரின் வீட்டிற்குள் போய் அவர்களோடு சாப்பிட்டார் என்பதே (11:3). அந்தப் பேதுருவும் பின்னர் அந்தியோகியாவில், மனிதருக்குப் பயந்து, அதே பந்தியிலிருந்து விலகினார் (கலாத்தியர் 2:12). பந்தி அத்தனை கடினமான இடம். நம் நாட்டில் இதை விளக்கவும் வேண்டுமோ? சாதி நெடுங்காலம் காவல் காத்த இடம் பந்திதானே!

உயர்தர உணவகத்தின் வாசலில் யாரும் சாதி கேட்பதில்லை. விலைப்பட்டியல் வேறுவிதமாகப் பிரித்துவிடுகிறது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டிற்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அங்கே ஒரு பீட்சா அதைவிட அதிகம். ஞாயிறன்று நம்மோடு ஒரே அப்பத்தில் பங்குபெறும் தறித்தொழிலாளியும் கூலிக்குச் செல்லும் விதவைத் தாயும், நாம் அழைத்தாலன்றி அந்த வாசலைக் கடக்க இயலாது.

நாமோ மீந்த கேக்கை அவர்கள் வீட்டிற்குக் கொடுத்தனுப்புகிறோம். அது தர்மம், ஐக்கியம் ஆகாது. பதில் செய்ய இயலாதவர்களை விருந்துக்கு அழைக்கும்படி ஆண்டவர் கட்டளையிட்டார் (லூக்கா 14:12-14). அழைப்பது என்றால் அருகில் அமர்த்துவது.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வருகிறவர்களுக்கு நம் ஊரார் வழிநெடுக உணவளிப்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். வருகிறவர் யார், எவர் என்று அவர்கள் விசாரிப்பதில்லை. நம் பந்தி அதைவிடக் குறுகியதாய் இருக்கலாமா?

ஆகவே, அடுத்த முறை மேசைக்குச் சொல்லும்போது இரண்டு இருக்கைகளைக் கூட்டிச் சொல்லுங்கள். யாரும் அழைக்காத இருவரை உங்கள் காரிலேயே அழைத்துச் செல்லுங்கள். அவ்வளவு செலவு கட்டாதெனில் சென்னைப் பயணத்தை விட்டுவிட்டு, உங்கள் வீட்டிலேயே, நீங்கள் உண்ணும் அதே தட்டுகளில் அவர்களுக்கும் இட்லி பரிமாறி உடன் உண்ணுங்கள். அந்த வீட்டிற்குக் கர்த்தர் நிச்சயம் வருவார்.

ஜெபம்: கர்த்தாவே, உமது பந்தியில் எங்களுக்கு இடமளித்தீர். எங்கள் பந்தியில் பிறருக்கு இடமளிக்கும் இருதயத்தைத் தாரும். ஆமென்.